ஷீட் என்றால் பாய் இல்லையா? படகுச் சொற்களை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

ஈரக்கயிறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக நண்பர் ஒருவரின் 7 மீட்டர் பாய்மரப் படகில் வாரம் ஒருமுறை போய்வருகிறேன். நீச்சல் தெரியும், அலைக்குப் பயமில்லை, கை காய்த்துப்போகும் வரை கயிறு இழுக்கவும் தயார். சிக்கல் எல்லாம் பேச்சில்தான். அங்கே இடது, வலது, முன்னால், பின்னால், கயிறு என்று யாருமே சொல்வதில்லை, எல்லாவற்றுக்கும் வேறு ஒரு பெயர் இருக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல காற்று, படகு ஒரு பக்கம் சாய்ந்தபடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இன்னும் பலமாக ஒரு வீச்சு வந்தது. நண்பர் சுக்கானைப் பிடித்தபடி "ஜிப் ஷீட்டை விடு, விடு!" என்று கத்தினார். ஷீட் என்றால் துணி, படகில் துணி என்றால் பாய், அப்படித்தான் என் மனதில் பதிந்திருந்தது. ஜிப் என்ற முன்பாயை எப்படி விடுவது? பாய்மரத்தின் அடியில் கட்டியிருந்த ஒரு கயிறு நேராக அந்தப் பாய்க்குப் போவது கண்ணில் பட்டது, அதை அவிழ்த்துவிட்டேன். அது ஹாலியார்டாம். பாய் பாதி சரிந்து தண்ணீரில் விழுந்து படகோடு இழுபட ஆரம்பித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நண்பர் சுக்கானை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, ஆடுகிற முன்பக்கத்துக்குத் தவழ்ந்து போய் நனைந்த பாயை அள்ளிக் கட்டியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஒரு சொல் தெரியாததால் ஒருவர் தண்ணீரில் விழுந்திருக்கலாம்.

கேட்க விரும்புவது மூன்று. இடது, வலது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? நூற்றுக்கணக்கான சொற்களில் எவற்றை முதலில் கற்க வேண்டும்? படகில் இருக்கும் மூவரும் தமிழ் பேசுகிறவர்கள்தான், தமிழ்ச் சொற்களையே வைத்துக்கொண்டால் தப்பா?

பழையபாய் எழுதியது:

முதலில் ஒன்று. நீங்கள் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். ஷீட் என்பதைப் பாய் என்று நினைக்காதவர் யாரும் இல்லை. அது பாயின் கீழ்மூலையில் கட்டியிருக்கும் கயிறு, பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் அதுதான் பிடி. பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ்மூலைக்கு இருந்த பெயரிலிருந்து அந்தக் கயிற்றுக்கு வந்த சொல் இது, படுக்கை விரிப்போடு அதைச் சேர்த்து யோசிப்பதால்தான் குழப்பம். நீங்கள் அவிழ்த்த ஹாலியார்ட் பாயை மேலே ஏற்றும் கயிறு. ஆக, ஏற்றி இறக்குவது ஹாலியார்ட், இழுத்து விடுவது ஷீட். இந்த இரண்டும் பிரிந்து நின்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இடது வலது விஷயத்துக்கு வருகிறேன். காரில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து உட்காருகிறோம், படகில் அப்படியில்லை. ஒருவர் முன்னால் பார்த்திருப்பார், ஒருவர் எதிரே முதுகைக் காட்டிக் கயிறு இழுத்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் பக்கவாட்டில் கால் நீட்டியிருப்பார். "இடது பக்கம் ஒரு பாறை" என்று கத்தினால் யாருடைய இடது? போர்ட், ஸ்டார்போர்ட் என்பவை ஆளுக்குச் சொந்தமான பக்கங்கள் இல்லை, படகுக்குச் சொந்தமானவை. நீங்கள் எப்படித் திரும்பி நின்றாலும், படகின் முன்பக்கத்தைப் பார்த்து நிற்பவருக்கு இடது எதுவோ அதுதான் போர்ட், வலது எதுவோ அதுதான் ஸ்டார்போர்ட்.

பெயர் வந்த கதை தெரிந்தால் மறக்காது. சுக்கான் படகின் நட்டநடுவே பின்னால் வருவதற்கு முன்பு, வடக்கு ஐரோப்பியக் கப்பல்களில் வலது பின்பக்கத்தில் ஒரு பெரிய துடுப்பைக் கட்டித்தான் திசை திருப்பினார்கள். அந்தத் திருப்பும் பலகை இருந்த பக்கம் ஸ்டார்போர்ட். அந்தத் துடுப்பு நசுங்கக் கூடாது என்பதற்காகக் கரையில் அணைக்கும்போது மற்றப் பக்கத்தைத்தான் கரையோடு சேர்த்தார்கள், அது துறைமுகப் பக்கம், போர்ட். இடையில் நீண்ட காலம் இடப்பக்கத்துக்கு லார்போர்ட் என்றுதான் பெயர். ஸ்டார்போர்ட், லார்போர்ட், காற்று இரைச்சலில் இரண்டும் ஒன்று போலவே கேட்கும் இல்லையா? அதனால் பிரிட்டிஷ் கடற்படை 1844இல் லார்போர்டைக் கைவிட்டுப் போர்ட் என்றே சொல்லும்படி உத்தரவிட்டது, அமெரிக்கக் கடற்படை 1846இல் அதையே செய்தது. ஒரு சொல்லையே மாற்றியிருக்கிறார்கள் என்றால், தவறாகக் கேட்டதால் எத்தனை இடர் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எதை முதலில் கற்பது? என்னைக் கேட்டால் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். படகு கரையில் கட்டியிருக்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கயிற்றையும் கையில் பிடித்து அதன் கடைசி வரை விரலாலேயே தொடர்ந்து போங்கள், அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்து அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மெயின் என்ற பெரிய பாயின் ஹாலியார்ட், ஜிப் ஹாலியார்ட், மெயின் ஷீட், இரண்டு ஜிப் ஷீட், பெரிய பாயின் அடி ஓரத்தில் கிடையாக நீளும் பூம் என்ற கட்டையைக் கீழே இழுத்து வைக்கும் வாங். இவ்வளவுதான் உங்கள் அளவுப் படகில். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நண்பர் சொல்லச் சொல்லத் தொட்டுக் காட்டுங்கள். நான் இன்றும் புதுப் படகில் ஏறினால் இதைத்தான் செய்கிறேன், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருந்தாலும் கயிறு வந்து சேரும் இடம் படகுக்குப் படகு மாறும்.

ஈரக்கயிறு எழுதியது:

இப்படி யாரும் எனக்குச் சொன்னதே இல்லை, மிக்க நன்றி ஐயா. கண்ணை மூடித் தொடுவதை அடுத்த வாரமே செய்கிறேன்.

இன்னொரு குழப்பம், டேக். "டேக் செய்யப் போகிறோம்" என்கிறார், "நாம் ஸ்டார்போர்ட் டேக்கில் இருக்கிறோம்" என்கிறார், "டேக்கை இறுக்கிக் கட்டு" என்றும் சொல்கிறார். மூன்றும் ஒன்றா, வேறு வேறா?

சாய்காற்று எழுதியது:

மூன்றும் வேறு வேறு. பாயின் முன்பக்கக் கீழ்மூலைக்கு டேக் என்று பெயர், இறுக்கிக் கட்டச் சொன்னது அதை. பாய்க்கு மூன்று மூலை: மேலே ஹெட், முன்கீழே டேக், பின்கீழே க்ளூ. ஷீட் கட்டியிருப்பது க்ளூவில். மூன்று ஓரங்களுக்கும் பெயர் உண்டு, முன் ஓரம் லஃப், பின் ஓரம் லீச், அடி ஓரம் ஃபுட். அடுத்தது, டேக் செய்வது. பாய்மரப் படகால் காற்று வரும் திசைக்கு நேராகப் போகவே முடியாது, காற்றுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 45 பாகை வரை அதற்கு வழி கிடையாது. அதனால் வளைந்து வளைந்துதான் மேலேற வேண்டும். அப்படி ஏறும்போது படகின் முன்பக்கம் காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்புவதுதான் டேக். மூன்றாவதாக நிலை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தின் பெயரில் டேக். ஸ்டார்போர்ட் பக்கமிருந்து வந்தால் ஸ்டார்போர்ட் டேக், பூம் அப்போது போர்ட் பக்கம் நீட்டியிருக்கும்.

இந்த மூன்றாவது பொருளைத் தயவுசெய்து நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது அதில்தான் நிற்கிறது. கடலில் மோதல் தவிர்க்கும் 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளில் 12ஆம் விதி இது: இரண்டு பாய்மரப் படகுகள் வெவ்வேறு பக்கம் காற்று வாங்கிக்கொண்டு ஒன்றையொன்று நெருங்கினால், போர்ட் பக்கம் காற்று வாங்கும் படகுதான் விலக வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் காற்று வாங்கினால், காற்று வரும் பக்கம் இருக்கும் படகு விலக வேண்டும். தூரத்தில் ஒரு படகு வருவதைப் பார்த்த கணத்தில் "நாம் எந்த டேக்?" என்று நண்பர் கேட்டால் யோசிக்காமல் சொல்ல வேண்டும். குழம்பினால் பூமைப் பாருங்கள், பூம் நீட்டியிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் உங்கள் டேக்.

லஃப் கூட இப்படித்தான், ஓரத்தின் பெயர், பாய் படபடப்பதன் பெயர், படகைக் காற்றுப் பக்கம் திருப்புவதன் பெயர் எல்லாம் அதுவே. பழகிவிடும்.

பழக அவகாசம் கொடுக்காத சொல் ஒன்று இருக்கிறது, ஜைப். டேக் செய்யும்போது முன்பக்கம் காற்றைக் கடக்கும். ஜைப்பில் பின்பக்கம் கடக்கும். டேக்கில் பாய் சற்று நேரம் படபடத்துவிட்டு மெதுவாகப் பக்கம் மாறும். ஜைப்பில் அப்படியில்லை. காற்றைப் பின்னால் வாங்கி ஓடும்போது பாய் முழுதாக வெளியே விரிந்திருக்கும், படகு குலுங்காது, வெயில் இதமாக இருக்கும், காற்றே குறைந்துவிட்ட மாதிரி தோன்றும். சுக்கான் ஒரு சிறிது தவறினால் போதும், காற்று பாயின் மறுபுறத்தில் புகுந்து அந்தக் கனமான பூமை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசி எறியும். நான் ஒருமுறை தண்ணீர்க் குப்பியை எடுக்கக் குனிந்தேன், தலைக்கு மேலே "விஷ்ஷ்" என்று ஏதோ போனது, நிமிர்ந்து பார்த்தபோது பூம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது, படகு முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தது. குனியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். ஆகவே "ரெடி டு ஜைப்" என்று காதில் விழுந்ததும் முதலில் தலை கீழே, பிறகுதான் "ரெடி" என்ற பதில், அப்புறம் வேலை. பதில் சொல்வதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் "ரெடி" என்று சொல்லும் வரை சுக்கானில் இருப்பவர் திருப்பக் கூடாது, அந்தப் பேச்சுமுறையே அதற்காகத்தான்.

கயல்விழிப்படகு எழுதியது:

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான்.

படகின் முன்பக்கத்துக்கு அணியம் என்ற அருமையான சொல் இருக்கிறது, மீனவர்கள் அன்றாடம் புழங்குவது. ஆழம் சொல்லப் பாகம் இருக்கிறது. இரண்டு கைகளையும் அகல விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை எவ்வளவோ அவ்வளவு. நங்கூரக் கயிற்றை இழுக்கும்போது கைகளை விரித்து விரித்து எண்ணினால் ஆழம் வந்துவிடும், கருவியே வேண்டாம். ஆங்கிலத்தில் ஃபாதம் என்கிறார்களே, அதன் பழைய பொருளும் விரித்த கைகளின் அணைப்புதான், இன்று அது 6 அடி, ஏறத்தாழ 1.83 மீட்டர். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு கடற்கரைகளில் மனிதர்கள் ஒரே மாதிரி கையை விரித்து ஆழம் அளந்திருக்கிறார்கள். இதை முதலில் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது.

கட்டுமரம் எல்லோருக்கும் தெரிந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குள் போய்க் கட்டமரன் ஆகிவிட்டது. ஆனால் இன்று கட்டமரன் என்று சொல்லும் இரட்டை உடல் படகுக்கும் மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரத்துக்கும் அமைப்பில் உறவு இல்லை, இரட்டை உடல் பசிபிக் தீவுக்காரர்களின் வழி. பெயர் மட்டும் நம்முடையது.

காற்றுக்கும் நம்மிடம் நல்ல வழி இருக்கிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். எங்கிருந்து வருகிறதோ அதைக்கொண்டு பெயர். உலகம் முழுக்கக் கடலோடிகள் காற்றை அப்படித்தான் சொல்கிறார்கள், மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. நீரோட்டம் மட்டும் தலைகீழ், அது எங்கே போகிறதோ அந்தத் திசையால் சொல்வார்கள். மேற்கு நீரோட்டம் மேற்கு நோக்கிப் போகும். ஆக மேற்குக் காற்றும் மேற்கு நீரோட்டமும் ஒன்றுக்கொன்று எதிரெதிர், அன்று அலை குத்தலாக, குட்டையாக எழும்பும். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் கணக்கு மொத்தமும் கவிழும்.

ஒன்று சொல்ல வேண்டும். எது நம் சொல், எது அவர்கள் சொல் என்று கடலில் கோடு கிழிப்பது கடினம். நங்கூரம் பாரசீகத்து லங்கரிலிருந்து வந்தது. சுக்கான் அரபு. மாலுமியும் அரபுதான், முஅல்லிம் என்ற சொல். அந்தப் பக்கமும் அப்படியே, ஆங்கிலத்தின் அட்மிரல் அரபு அமீரில் தொடங்கியது, ஸ்கிப்பர், யாட், டெக் எல்லாம் டச்சுக்காரர்களிடம் வாங்கியவை. உங்கள் தலைக்கு மேல் ஆடும் அந்தப் பூம் இருக்கிறதே, டச்சு மொழியில் பூம் என்றால் மரம். நாம் பாய்மரம் என்கிறோம், அவர்களும் மரம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அதனால் அணியம், சுக்கான், நங்கூரம், பாகம் எல்லாவற்றையும் மனநிறைவோடு பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். சொல் எங்கிருந்து வந்தாலும் படகில் இருக்கும் எல்லோருக்கும் அது ஒரே பொருளாக இருக்க வேண்டும், அது போதும்.

பழையபாய் எழுதியது:

கயல்விழிப்படகு சொன்னதை ஆசையோடு படித்தேன், ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. மூன்று பேர் மட்டும் போகும் படகில் எந்தச் சொல்லும் சரி. நாளைக்கு நான்காவதாக ஒருவர் ஏறுவார், அல்லது நீங்கள் வேறு படகில் ஏறுவீர்கள், அல்லது பக்கத்துப் படகுக்காரர் எச்சரித்துக் கத்துவார். அப்போது போர்ட், ஸ்டார்போர்ட், டேக், ஜைப் இவை உடனே பிடிபட வேண்டும். தமிழ்ச் சொல்லைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், கட்டளைச் சொல்லை மட்டும் கடல் முழுக்கப் புரிகிற சொல்லாக வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே கட்டளைக்கு இரண்டு பொருள் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கடல் பார்த்திருக்கிறது. சுக்கான் பிடியை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் திரும்பும், உங்கள் படகிலேயே பார்த்திருப்பீர்கள். பழைய கட்டளைகள் அந்தப் பிடியை வைத்தே சொல்லப்பட்டவை. சக்கரம் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் கட்டளை மாறவில்லை. 1912இல் டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் கொடுத்த கட்டளை "ஹார்ட் எ-ஸ்டார்போர்ட்", கப்பல் திரும்பியது போர்ட் பக்கம். அது அன்றைய முறைப்படி சரியான கட்டளையே. ஆனால் சில நாட்டுக் கப்பல்களில் அதே சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருள் இருந்தது. 1930களில்தான் கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்தையே சொல்வது என்று பொதுவாக ஒத்துக்கொண்டார்கள்.

அலைவரிசை16 எழுதியது:

வானொலிப் பக்கமிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன், இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறவர்கள் அதிகம், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மே டே என்றால் உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து. பிரெஞ்சில் எனக்கு உதவுங்கள் என்று பொருள்படும் மெதே என்பதன் ஒலிதான் அது, மே மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பான் பான் என்றால் அவசரம், ஆனால் உயிர் போகும் நிலை இல்லை, எஞ்சின் நின்று மிதக்கிறீர்கள், கரை தூரத்தில் இருக்கிறது, அந்த மாதிரி. செக்யூரித்தே என்றால் மற்றவர்களுக்கான எச்சரிக்கை, மிதக்கும் மரக்கட்டை, வானிலை போன்றவை. வி.எச்.எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையில் மே டே மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, பிறகு மே டே என்று ஒருமுறை சொல்லிப் படகின் பெயர், எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று, என்ன உதவி வேண்டும், எத்தனை பேர் இருக்கிறீர்கள். படகில் வானொலி இருக்குமிடத்தில் இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பயத்தில் சொந்தப் படகின் பெயரே மறந்துபோவதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, "ஓவர் அண்ட் அவுட்" என்று சொல்லாதீர்கள். ஓவர் என்றால் நான் பேசி முடித்தேன், உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவுட் என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். இரண்டையும் சேர்த்தால் பொருளே இல்லை. ரோஜர் என்றால் கேட்டுக்கொண்டேன் என்பது மட்டும், செய்கிறேன் என்று அதற்குப் பொருள் இல்லை.

அப்புறம் நாட். "மணிக்கு 6 நாட்" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். நாட் என்பதற்குள்ளேயே மணி இருக்கிறது, ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். வெறும் 6 நாட் என்றால் போதும். பெயரின் பின்னணி அழகானது. ஒரு கயிற்றின் முனையில் சிறு மரப்பலகை, அது தண்ணீரில் நிமிர்ந்து நிற்க அடியில் ஈயம். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பலகையைக் கப்பலின் பின்னால் போடுவார்கள், அது நீரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும், கப்பல் முன்னே போகப் போகக் கயிறு கைக்குள் ஓடும். ஒருவர் 28 விநாடி மணற்கடிகாரத்தைத் திருப்பி வைப்பார், மணல் தீரும் வரை எத்தனை முடிச்சு கையை உரசிக்கொண்டு போகிறதோ அத்தனை நாட் வேகம். அந்தப் பலகைக்கு லாக் என்று பெயர், அதன் கணக்கை எழுதிய நோட்டு லாக் புக். நாம் இன்று கணினியில் லாக்-இன் செய்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் இங்கேதான்.

மிதவைமணி எழுதியது:

சிறு எச்சரிக்கை. "துறைமுகம் திரும்பும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம்" என்ற வாய்ப்பாடு அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் பகுதிகளுக்கு மட்டும். மற்ற இடங்களில் நேர் எதிர், உள்ளே வரும்போது சிவப்பு போர்ட் பக்கம். இணையத்தில் பார்த்த காணொளியை நம்பிக் கால்வாய்க்குள் நுழையாதீர்கள். படகின் விளக்குகள் மட்டும் எங்கும் ஒன்றே, போர்ட் சிவப்பு, ஸ்டார்போர்ட் பச்சை. இரவில் எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அந்தப் படகு நேராக உங்களை நோக்கி வருகிறது.

கதைகளையும் சலித்து எடுங்கள். பகட்டான என்று பொருள்படும் போஷ் என்ற ஆங்கிலச் சொல் போர்ட், ஸ்டார்போர்ட் பயணச்சீட்டிலிருந்து வந்தது என்று பலர் பகிர்கிறார்கள், அதற்கு ஆதாரமே கிடைத்ததில்லை. எஸ்.ஓ.எஸ் எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் இல்லை, மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி எளிதில் அடையாளம் தெரியும் என்பதால் 1906இல் பெர்லின் மாநாட்டில் ஏற்றுக்கொண்டது. உண்மையான கதைகளே வேண்டிய அளவு இருக்கின்றன. டேக்கன் அபேக் என்று திகைப்பைச் சொல்கிறார்களே, காற்று திடீரென்று பாயின் முன்பக்கத்தில் அடித்து அதைப் பாய்மரத்தோடு அழுத்திக் கப்பலை நிறுத்திவிடும் நிலை அது. பிட்டர் எண்ட் என்பதும் கசப்பைப் பற்றியது இல்லை, நங்கூரக் கயிறு கப்பலுக்குள் பிட் என்ற கட்டுத்தறியில் முடியும் கடைசி முனை.

கயல்விழிப்படகு எழுதியது:

நம்மிடமும் இருக்கிறதே மிதவைமணி! மானம் கப்பலேறியது, நட்டாற்றில் விட்டுவிட்டான், பிள்ளைகளைக் கரையேற்றினாள், கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே. தினமும் பேசுகிறோம், தண்ணீரின் நினைவு இல்லாமலே பேசுகிறோம். படகில் ஏறிய பிறகுதான் "கரை சேர்ந்தோம்" என்பதன் முழு எடை எனக்குத் தெரிந்தது.

ஈரக்கயிறு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்வந்தோம், எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிளம்புவதற்கு முன் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொடர்ந்தேன். ஜிப் ஷீட் இரண்டையும் க்ளூவிலிருந்து உருளைகள் வழியாக, கயிற்றைப் பிடித்து நிறுத்தும் க்ளீட் வரை விரலால் நடந்து பார்த்தேன். நண்பர் ஒன்றும் கேட்காமல் தானும் வந்து உட்கார்ந்து பெயர் சொல்ல ஆரம்பித்தார், மூன்றாமவரும் சேர்ந்துகொண்டார். அவருக்கும் வாங் எது என்று இதுவரை தெரியாதாம், கேட்கத் தயங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். கட்டளைகளை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்வது என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். ஆனால் முன்பக்கத்துக்கு மட்டும் அணியம்தான், அதை விட யாருக்கும் மனமில்லை.

நடுவில் காற்று ஏறியது. "ஈஸ் த ஜிப் ஷீட்" என்றார். கை தானாக க்ளீட்டுக்குப் போனது, கயிறு உள்ளங்கையில் சூடாக ஓடியது, சாய்ந்திருந்த படகு மூச்சு விட்டது போல நிமிர்ந்தது. அவர் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சூடு உள்ளங்கையில் இருக்கிற மாதிரியே இருந்தது.

ஒரு கேள்வி மிச்சம். லீவர்ட் என்று நான் வாசித்ததைக் கேட்டு லூவர்ட் என்று திருத்தினார். அது காற்று போகும் பக்கம் என்று புரிந்தது. ஆனால் "தீவின் லீயில் ஒதுங்கலாம்" என்றும் சொல்கிறார், "லீ ஷோர் பக்கம் மட்டும் போகவே கூடாது" என்றும் சொல்கிறார். ஒன்று பாதுகாப்பு, ஒன்று ஆபத்தா?

சாய்காற்று எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த முறை கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆமாம், ஒன்று பாதுகாப்பு, ஒன்று ஆபத்து. தீவுக்கும் காற்றுக்கும் நடுவே நீங்கள் இருக்கிறீர்களா, அல்லது காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே தீவு இருக்கிறதா என்று பாருங்கள். தீவு நடுவில் நின்று காற்றை மறைத்தால் நீங்கள் தீவின் லீயில் இருக்கிறீர்கள், தண்ணீர் அமைதியாக இருக்கும், நங்கூரம் போடலாம். காற்று முதலில் உங்களிடம் வந்து, உங்களைத் தாண்டிக் கரைக்குப் போனால் அந்தக் கரை உங்களுக்கு லீ ஷோர். அங்கே எஞ்சின் நின்றாலோ பாய் கிழிந்தாலோ காற்று உங்களைக் கரையில்தான் கொண்டுபோய் ஒதுக்கும், பாறையோ மணலோ எதுவானாலும். நங்கூரம் போடும் ஒவ்வொரு முறையும் கரையைப் பார்த்து முகத்தை வையுங்கள். காற்று முகத்தில் அடித்தால் நல்லது, முதுகில் அடித்தால் வேறு இடம் தேடுங்கள். இரவில் காற்று திசை மாறும் என்று வானிலை அறிக்கை சொன்னால், மாறிய பிறகு முகத்திலா முதுகிலா என்பதையும் படுக்கப் போகும் முன்பே யோசித்துவிடுங்கள்.